அமெரிக்கச் சட்டப் பள்ளியில் இடம் கிடைக்குமா? வாய்ப்பை நீங்களே கணிக்கும் வழி

“பெண் எல்சாட்டில் 168 எடுத்திருக்கிறாள், எங்கே கிடைக்கும்?” என்று, சட்டப் பள்ளி நுழைவுத் தேர்வான எல்சாட்டின் மதிப்பெண்ணோடு வந்து கேட்கிறவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது இரண்டே கேள்விகள். ஜிபிஏ, அதாவது இளங்கலை மதிப்பெண்களின் சராசரிப் புள்ளி, எவ்வளவு? எந்தெந்தப் பள்ளிகளின் மீடியன், அதாவது அங்கே சேர்ந்தவர்களின் நடு மதிப்பெண், என்ன என்று பார்த்தீர்களா? இரண்டாவது கேள்வியில் பேச்சு பெரும்பாலும் நின்றுவிடும். 168 நல்ல எண்ணா இல்லையா என்பதைத் தனியாகச் சொல்ல முடியாது. ஒரு பள்ளியில் அது ஸ்காலர்ஷிப்போடு கூப்பிட வைக்கும் எண். இன்னொரு பள்ளியில் அதுவே கதவை மூடும் எண்.

வழக்கறிஞராவதற்கான அமெரிக்கச் சட்டப் பட்டமான ஜே.டி. படிப்புக்கான சேர்க்கையில் மற்ற மேற்படிப்புகளைவிட எண்களுக்கு மதிப்பு அதிகம். அந்த எண்களைப் பள்ளிகள் ஆண்டுதோறும் வெளியிட்டே ஆக வேண்டும். அதனால் யாரிடமும் பணம் கொடுக்காமல், ஒரு மாலை நேரத்தில் உட்கார்ந்து, எந்தப் பள்ளி எட்டும், எது எட்டாது என்று ஓரளவு சரியாகக் கணித்துவிடலாம். இந்தியாவில் சட்டம் முடித்துவிட்டு ஓராண்டு எல்எல்.எம். படிக்கப் போகிறவர்களுக்கு இந்தக் கட்டுரை உதவாது. அந்தச் சேர்க்கையின் கணக்கே வேறு.

முதலில் உங்கள் உண்மையான ஜிபிஏ

கல்லூரிச் சான்றிதழில் அச்சாகியிருக்கும் ஜிபிஏவைச் சட்டப் பள்ளிகள் அப்படியே எடுத்துக்கொள்வதில்லை. எல்சாட் நடத்தும் எல்எஸ்ஏசி அமைப்பு உங்கள் மதிப்பெண் பட்டியல்களை வாங்கித் தன் விதிப்படி மறுபடியும் கணக்குப் போடும். அந்த எண்தான் பள்ளிக்குப் போகும்.

இரண்டு எண்களும் வேறுபடக் காரணங்கள் உண்டு. எல்எஸ்ஏசி கணக்கில் ஏ பிளஸ்ஸுக்கு 4.33 புள்ளி. உங்கள் கல்லூரி ஏ பிளஸ் தருகிற கல்லூரியானால் ஜிபிஏ 4.0ஐத் தாண்டவும் கூடும். மறுபக்கம், முதல் பட்டம் பெறும்வரை எங்கே படித்த கல்லூரிப் பாடமாக இருந்தாலும் கணக்கில் சேரும். உயர்நிலைப் பள்ளியில் இருந்தபோதே கம்யூனிட்டி காலேஜில் எடுத்த கால்குலஸ் வகுப்பில் சி வாங்கியது இப்போது வந்து நிற்கும். தோற்ற பாடத்தைத் திரும்பப் படித்து ஏ வாங்கியதால் கல்லூரி பழைய எஃப்பை மறந்திருக்கலாம். பட்டியலில் அந்த மதிப்பெண் தெரியும்வரை எல்எஸ்ஏசி மறக்காது. முதுகலை மதிப்பெண் இதில் சேராது. முதுகலையில் 4.0 வாங்கினால் இளங்கலையின் 3.1 மறையும் என்று எண்ணி இரண்டு வருடம் செலவழித்தவர்கள் உண்டு. சட்டப் பள்ளிக்காக மட்டும் என்றால் அது வீண் செலவு.

இந்தியாவிலோ இலங்கையிலோ இளங்கலை முடித்தவர்களுக்கு எண்ணாக ஜிபிஏவே வராது. எல்எஸ்ஏசி அந்த மதிப்பெண்களைப் பார்த்து மிக உயர்வு, சராசரிக்கு மேல், சராசரி, சராசரிக்குக் கீழ் என்று ஒரு தரம் மட்டும் கொடுக்கும். இதனால் ஒரு பக்கவிளைவு உண்டு. உங்களைச் சேர்த்துக்கொண்டால் பள்ளியின் ஜிபிஏ மீடியன் ஏறவும் செய்யாது, இறங்கவும் செய்யாது. பள்ளிக்கு நீங்கள் தரும் ஒரே எண் எல்சாட்தான். எனவே வெளிநாட்டுப் பட்டக்காரர்கள் குறிவைக்கும் பள்ளியின் எல்சாட் மீடியனைத் தாண்டியாக வேண்டும் என்று வைத்துக்கொள்வதே பத்திரம்.

எல்சாட்: எந்த எண்ணை வைத்துக் கணிப்பது?

எல்சாட் 120இலிருந்து 180 வரை. 2024 ஆகஸ்ட் முதல் லாஜிக் கேம்ஸ் என்ற புதிர்ப் பகுதி கிடையாது. இப்போது மதிப்பெண்ணுக்குக் கணக்காவது இரண்டு தர்க்கப் பகுதிகளும் ஒரு வாசிப்புப் பகுதியும். நான்காவதாக ஒரு பகுதி வரும், அதற்கு மதிப்பெண் இல்லை. ஆனால் எது அந்தப் பகுதி என்று எழுதும்போது தெரியாது. பழைய புத்தகங்களை வாங்கிவிட்டுப் புதிர்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்க வேண்டாம்.

பலமுறை எழுதலாம். ஆயுளில் ஏழு முறை என்பது எல்லை. அதிலும் மதிப்பெண் செல்லுபடியாகும் காலத்துக்குள் ஐந்து முறைதான். பள்ளிகள் எல்லா மதிப்பெண்களையும் பார்க்கும். ஆனால் வெளியே அறிக்கை கொடுக்கும்போது ஒரு மாணவரின் மிக உயர்ந்த மதிப்பெண்ணையே கணக்கில் காட்டும். எனவே கணிப்புக்கு உங்கள் உயர்ந்த மதிப்பெண்ணை வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு முறை எழுதினால் சராசரி எடுப்பார்கள் என்பது பழைய காலத்துப் பயம்.

இன்னும் எழுதாதவர்கள் கனவு மதிப்பெண்ணை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். நேரக் கட்டுப்பாட்டோடு எழுதிய கடைசி நான்கைந்து மாதிரித் தேர்வுகளின் சராசரியே உங்கள் எண். ஒரே ஆள் வேறு வேறு நாளில் எழுதினால் மூன்று புள்ளி அங்கேயும் இங்கேயும் போவது இயல்பு என்று எல்எஸ்ஏசியே ஒரு வரம்பு குறிப்பிடுகிறது. தேர்வில் வந்தது மாதிரித் தேர்வுச் சராசரியைவிட மூன்று நான்கு குறைந்திருந்தால் யோசிக்காமல் மறுபடி எழுதலாம். மூன்றரை வருடத்து ஜிபிஏவைக் கடைசி செமஸ்டரில் உயர்த்த முடியாது. எல்சாட்டில் நான்கு புள்ளி உயர்த்தச் சில மாத உழைப்பு போதும். சேர்க்கைக்காகச் செலவழிக்கும் நேரத்தில் இதைவிட லாபமான நேரம் கிடையாது.

509 அறிக்கையைத் திறங்கள்

அமெரிக்க பார் அசோசியேஷனின், அதாவது ஏபிஏவின், அங்கீகாரம் பெற்ற சட்டப் பள்ளிகள் ஏறக்குறைய 200. அவை ஒவ்வொன்றும் ஆண்டுதோறும் டிசம்பர் 15க்குள் ‘ஸ்டாண்டர்ட் 509’ என்ற அறிக்கையை வெளியிட வேண்டும். பள்ளியின் பெயரோடு 509 என்று தேடினால் கிடைக்கும். ஒரே வடிவம் என்பதால் ஒரு பள்ளியைப் படிக்கத் தெரிந்தால் எல்லாப் பள்ளிகளையும் படிக்கலாம். பள்ளியின் விளம்பரக் கையேட்டில் சிரிக்கும் மாணவர் படங்களைவிட இந்த இரண்டு மூன்று பக்கங்கள் அதிகம் சொல்லும்.

அதில் முதலில் பார்க்க வேண்டியவை எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள், எத்தனை பேருக்கு இடம் கொடுத்தார்கள், எத்தனை பேர் வந்து சேர்ந்தார்கள் என்பவை. அடுத்து, சேர்ந்தவர்களின் எல்சாட்டுக்கும் ஜிபிஏவுக்கும் 75, 50, 25 என்ற மூன்று சதமான எண்கள். 50க்கு நேராக இருப்பதுதான் மீடியன்: வகுப்பை மதிப்பெண் வரிசையில் நிற்க வைத்தால் நட்ட நடுவில் நிற்பவரின் எண். 75க்கு மேல் வகுப்பின் மேல் கால்பகுதி, 25க்குக் கீழ் அடிக் கால்பகுதி.

இந்த எண்கள் ஏற்கெனவே சேர்ந்தவர்களுடையவை. நீங்கள் போட்டியிடுவது அடுத்த வகுப்புக்கு. அண்மை ஆண்டுகளில் விண்ணப்பக் கூட்டம் பெருகியதால் பல பள்ளிகளின் மீடியன் ஏறியிருக்கிறது. ஆகவே அறிக்கையில் 167 என்றிருந்தால் மனதில் 168 என்று குறித்துக்கொள்ளுங்கள்.

மீடியன் ஏன் இவ்வளவு முக்கியம்?

இதைப் புரிந்துகொண்டால் மீதி எல்லாம் எளிது. ஒரு சின்ன வகுப்பை எடுத்துக்கொள்வோம். ஐந்தே மாணவர்கள், எல்சாட் 158, 164, 168, 170, 176. மீடியன் 168. இப்போது 158காரருக்குப் பதில் 145காரரைச் சேர்த்தாலும் மீடியன் 168தான். 176காரருக்குப் பதில் 180 எடுத்தவரைச் சேர்த்தாலும் அதே 168தான். சராசரியாக இருந்தால் ஒவ்வொரு புள்ளியும் அதை அசைக்கும். மீடியனோ கோட்டுக்கு மேலா, கீழா என்பதை மட்டுமே பார்க்கும்.

பள்ளிகள் வெளியே காட்டுவதும், தரவரிசைப் பட்டியல்கள் எடுத்துக்கொள்வதும் மீடியனைத்தான். ஆகவே சேர்க்கை அலுவலகத்துக்கு 168 மீடியன் என்றால் 169 எடுத்தவரும் 175 எடுத்தவரும் கிட்டத்தட்ட ஒரே உதவியைச் செய்கிறார்கள். 167 எடுத்தவர் ஒரு புள்ளியில் தவறவிட்டவராகத் தோன்றினாலும் கோட்டுக்குக் கீழே இருப்பவர்தான். அவரும் 162காரரும் ஒரே பக்கம். கோட்டுக்கு ஒரு புள்ளி கீழே இருப்பவர்கள் மறுபடி எழுதுங்கள் என்று நான் வற்புறுத்துவதற்கு இதுவே காரணம். அந்த ஒரு புள்ளிக்குக் கிடைக்கும் பலன் வேறு எந்த ஒரு புள்ளிக்கும் கிடைக்காது.

பள்ளிகளைத் தரவரிசைப்படுத்தும் யுஎஸ் நியூஸ் பட்டியலில் எல்சாட்டுக்கும் ஜிபிஏவுக்கும் சேர்த்து முன்பு 20 சதவீத எடை இருந்தது. 2022 நவம்பரில் யேல், ஹார்வர்ட் தொடங்கிப் பல பள்ளிகள் அந்தப் பட்டியலுக்கு ஒத்துழைக்க மாட்டோம் என்று விலகிய பிறகு, 2023இல் அது 9 சதவீதமாகக் குறைந்தது. அப்படியானால் பள்ளிகள் மீடியனை விட்டுவிட்டனவா என்றால், இல்லை. பக்கத்துப் பள்ளியைவிட ஒரு புள்ளி கீழே இறங்கியதாகத் தெரிய எந்த டீனும் விரும்புவதில்லை.

உங்களை நிறுத்திப் பார்க்கும் இடம்

ஒரு தாளில் பள்ளிப் பெயர்களை எழுதி, ஒவ்வொன்றுக்கும் ஆறு எண்களைக் குறித்து, உங்கள் இரண்டு எண்களும் எங்கே விழுகின்றன என்று பாருங்கள்.

இரண்டும் மீடியனுக்கு மேல் என்றால் நல்ல வாய்ப்பு. இரண்டும் மீடியனுக்குக் கீழே, ஆனால் 25க்கு மேலே என்றால் வாய்ப்பு குறைவு. நீங்கள் பள்ளியின் இரண்டு எண்களையும் கீழே இழுப்பவர். இரண்டுமே 25க்குக் கீழே என்றால் விண்ணப்பக் கட்டணத்தை மிச்சப்படுத்துங்கள்.

இங்கே ஒரு வாதம் வரும். “25க்குக் கீழேயும் கால்வாசிப் பேர் இருக்கிறார்களே, நான் ஏன் அவர்களில் ஒருவனாக இருக்கக் கூடாது?” இருக்கலாம். ஆனால் எல்சாட்டில் அடியில் இருக்கும் அந்தக் கால்வாசிப் பேரில் பெரும்பாலோர் ஜிபிஏவில் மேலே இருப்பவர்கள். ஜிபிஏவில் அடியில் இருப்பவர்கள் எல்சாட்டில் மேலே இருப்பவர்கள். இரண்டிலும் அடியில் இருந்து உள்ளே வந்தவர்கள் மிகச் சிலர். அவர்களிடம் எண்ணை மறக்கடிக்கும் ஏதோ ஒன்று இருந்திருக்கும்.

ஒரு எண் மேலே, ஒரு எண் கீழே என்று இருப்பவரை ஸ்ப்ளிட்டர் என்பார்கள். எல்சாட் உயர்ந்து ஜிபிஏ தாழ்ந்தவர் ஸ்ப்ளிட்டர். ஜிபிஏ உயர்ந்து எல்சாட் தாழ்ந்தவர் ரிவர்ஸ் ஸ்ப்ளிட்டர். கணிக்கக் கடினமானவர்கள் இவர்கள்தான். கற்பனையாக ஒருவரைப் பார்ப்போம்: எல்சாட் 171, ஜிபிஏ 3.45.

முதல் பள்ளியில் (75, 50, 25 என்ற வரிசையில்) எல்சாட் 173, 171, 167, ஜிபிஏ 3.95, 3.88, 3.60. இவருடைய எல்சாட் சரியாக மீடியனில் நிற்கிறது. மீடியன் ஏறினால் கோட்டுக்குக் கீழே போய்விடும். ஜிபிஏ 25க்கும் கீழே. எட்டாக் கனி என்றே வைத்துக்கொள்ள வேண்டும். அவரே 174 எடுத்திருந்தால் கதை மாறும்.

இரண்டாவது பள்ளியில் எல்சாட் 169, 167, 161, ஜிபிஏ 3.85, 3.70, 3.40. எல்சாட் 75ஐத் தாண்டிவிட்டது. ஜிபிஏ அடியில்தான், ஆனாலும் வரம்புக்குள். இப்படி ஒருவரைச் சேர்த்தால் பள்ளிக்கு எல்சாட்டில் லாபம், ஜிபிஏவில் நஷ்டம். அந்த நஷ்டத்தை 3.9 எடுத்த ஒரு ரிவர்ஸ் ஸ்ப்ளிட்டரைச் சேர்த்து ஈடுகட்டிக்கொள்வார்கள். குறிவைக்க வேண்டிய பள்ளி இதுதான்.

மூன்றாவதில் எல்சாட் 162, 159, 155, ஜிபிஏ 3.75, 3.55, 3.30. இடம் ஏறக்குறைய உறுதி. இங்கே கேள்வி எவ்வளவு ஸ்காலர்ஷிப் என்பதே. ஒரு சிக்கல் மட்டும் உண்டு. “இவர் எப்படியும் வேறு பெரிய பள்ளிக்குப் போய்விடுவார்” என்று நினைத்து இத்தகையவர்களை வெயிட்லிஸ்டில் போடும் பள்ளிகள் இருக்கின்றன. ஏன் இந்தப் பள்ளி என்று ஒரு பக்கம் உண்மையான காரணத்தோடு எழுதினால் அந்தச் சந்தேகம் தீரும்.

எல்லாப் பள்ளிகளும் இரண்டு எண்களையும் ஒரே தராசில் வைப்பதில்லை. பெர்க்லிக்கு ஜிபிஏவை விட்டுக்கொடுக்காத பள்ளி என்ற பெயர் உண்டு. செயின்ட் லூயிஸில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்துக்கு உயர்ந்த எல்சாட்காரர்களை அரவணைக்கும் பள்ளி என்று பெயர். 75க்கும் 25க்கும் உள்ள இடைவெளியைப் பார்த்து நீங்களே இதை ஊகிக்கலாம்: எந்த எண்ணில் இடைவெளி அகலமோ, அதில் அந்தப் பள்ளி வளைந்துகொடுக்கிறது.

யேல், ஸ்டான்ஃபோர்ட், ஹார்வர்ட் மூன்றுக்கும் மேலே சொன்ன கணக்கு அப்படியே பொருந்தாது. யேலின் ஒரு வகுப்பு ஏறக்குறைய 200 பேர்தான். ஸ்டான்ஃபோர்ட் அதைவிடவும் சிறியது. இரண்டு மீடியனையும் தாண்டியவர்கள் இருக்கும் இடங்களைவிட அதிகமாக வந்து நிற்கிறார்கள். யேலில் பேராசிரியர்களே கோப்புகளைப் படித்து மதிப்பிடும் வழக்கமும் உண்டு. அங்கே எண்கள் வாசல்வரை கொண்டுபோய் விடும், அவ்வளவே. எண்கள் எவ்வளவு உயர்ந்திருந்தாலும் இந்த மூன்றையும் ‘கிடைத்தால் யோகம்’ என்ற பத்தியில்தான் எழுத வேண்டும்.

எண் அல்லாதவை

கட்டுரை, பரிந்துரைக் கடிதம், வேலை அனுபவம், சமூகப் பணி ஆகியவை எல்லாம் முக்கியம் என்று எல்லாரும் சொல்வார்கள். என் கணிப்பு, பெரும்பாலோருக்கு இவை ஒரே நிலையில் இருக்கும் இரண்டு பேரில் யார் என்று முடிவு செய்ய உதவும். கீழே இருப்பவரை மேலே தூக்காது. கல்லூரிச் சங்கத் தலைவர் பதவியும் கோடைகாலத்து இன்டர்ன்ஷிப்பும் எல்லாரிடமும் இருக்கின்றன. ராணுவ சேவை, முனைவர் பட்டம், ரோட்ஸ் ஸ்காலர்ஷிப், பொறுப்பான வேலையில் சில ஆண்டுகள் போன்றவை உண்மையிலேயே எடையுள்ளவை. நார்த்வெஸ்டர்ன் வேலை அனுபவத்தை வெளிப்படையாகவே மதிக்கும் பள்ளி. பட்டம் முடித்த கையோடு விண்ணப்பிப்பவர் அங்கே சற்றுப் பின்தங்கியே தொடங்குகிறார்.

நீதிபதியாக இருக்கும் மாமாவிடம் கடிதம் வாங்காதீர்கள். உங்கள் கட்டுரைகளைத் திருத்திய, உங்களை வகுப்பில் பார்த்த உதவிப் பேராசிரியரின் கடிதமே மேல். கட்டுரையால் இடம் கிடைப்பதைவிட, பிழையோடு இன்னொரு பள்ளியின் பெயரை அப்படியே விட்டு அனுப்பிய கட்டுரையால் இடம் போவது சுலபம்.

ஒழுங்கு நடவடிக்கை, போலீஸ் வழக்கு பற்றிய கேள்விகளுக்கு மறைக்காமல் பதில் எழுதுங்கள். விடுதியில் மாட்டிக்கொண்ட சின்ன விஷயம் யாருடைய இடத்தையும் பறிப்பதில்லை. அதை மறைத்தது பின்னால் வழக்கறிஞர் உரிமம் தரும் முன் நடக்கும் நடத்தை விசாரணையில் தெரிந்தால் தொழிலே கேள்விக்குறியாகும்.

மாநில அரசுப் பள்ளிகளில் நீங்கள் எந்த மாநிலத்தவர் என்பதும் கணக்கில் வரும். டெக்சாஸ் பல்கலைக்கழகச் சட்டப் பள்ளியில் 65 சதவீத இடங்கள் டெக்சாஸ்வாசிகளுக்கு. வெளியிலிருந்து வருபவர் அங்கே மீடியனில் நின்றால் போதாது, தாண்டி நிற்க வேண்டும்.

எப்போது அனுப்புவது

பெரும்பாலான பள்ளிகள் செப்டம்பர் வாக்கில் விண்ணப்பம் வாங்கத் தொடங்கி, வர வர முடிவு சொல்லிக்கொண்டே போகும். கடைசித் தேதி பிப்ரவரி, மார்ச், ஏப்ரல் என்று இருக்கும். அந்தக் கடைசித் தேதி வெறும் பேச்சுக்குத்தான். அப்போது பாதி இடங்களும் பாதிப் பணமும் போயிருக்கும். நவம்பர் முடிவுக்குள் அனுப்பிவிடுவது நல்லது. ஆனால் மூன்று புள்ளி குறைந்த எல்சாட்டோடு அக்டோபரில் அனுப்புவதைவிட, மூன்று புள்ளி கூடியதோடு ஜனவரியில் அனுப்புவது மேல். ஸ்ப்ளிட்டர்களுக்கு மட்டும் சீக்கிரம் அனுப்புவது கூடுதல் பலன் தரும்.

எர்லி டிசிஷன் என்ற ஏற்பாடு சில பள்ளிகளில் உண்டு. இடம் கொடுத்தால் மற்ற எல்லா விண்ணப்பங்களையும் திரும்பப் பெற்று அங்கேயே சேர்கிறேன் என்று வாக்குக் கொடுக்கிறீர்கள். வாய்ப்பு ஓரளவு கூடலாம். ஸ்காலர்ஷிப்புக்காகப் பேரம் பேசும் வழி போய்விடும். பணம் ஒரு பொருட்டல்ல என்கிற குடும்பமாக இருந்தால், அல்லது அந்தப் பள்ளி எர்லி டிசிஷனுக்கே நிலையான ஸ்காலர்ஷிப் தருவதாக இருந்தால் தவிர, இதை நான் யாருக்கும் சொல்வதில்லை.

இடத்தோடு பணத்தையும் கணியுங்கள்

இதே எண்கள்தான் ஸ்காலர்ஷிப்பையும் தீர்மானிக்கின்றன. எல்சாட் ஒரு பள்ளியின் 75ஐத் தாண்டினால் அங்கே பணம் எதிர்பார்க்கலாம். ஒரு பள்ளி கொடுத்த தொகையைச் சமமான இன்னொரு பள்ளியிடம் காட்டி, மரியாதையான மின்னஞ்சலில் கூட்டிக் கேட்பது வழக்கம். யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். அதனால் குறிவைக்கும் பள்ளிகளில் ஒன்றுக்கு மட்டும் விண்ணப்பிக்காமல், ஒரே தரத்தில் மூன்று நான்குக்கு அனுப்புங்கள்.

509 அறிக்கையில் நிபந்தனை ஸ்காலர்ஷிப் என்று ஒரு பெட்டி இருக்கும். எத்தனை பேருக்கு நிபந்தனையோடு கொடுத்தார்கள், அதில் எத்தனை பேர் இழந்தார்கள் என்ற இரண்டு எண்கள். முதலாண்டு மதிப்பெண் ஒருவரோடு ஒருவரை ஒப்பிட்டுப் போடப்படுவதால், 3.0க்குக் குறையக் கூடாது என்ற நிபந்தனை கேட்பதற்கு எளிதாகத் தோன்றினாலும் வகுப்பில் கணிசமானவர்களால் எட்ட முடியாததாக இருக்கலாம். 90 பேருக்குக் கொடுத்து 35 பேர் இழந்திருந்தால், அந்தப் பள்ளி காட்டும் தொகையை முதலாண்டுத் தொகை என்று மட்டுமே எண்ணுங்கள்.

கடன் விதிகளும் மாறியிருக்கின்றன. 2026 ஜூலை 1 முதல் புதிதாகச் சேர்பவர்களுக்கு, மேற்படிப்புக்கு அரசு தந்துவந்த கிராட் பிளஸ் கடன் கிடையாது. சட்டப் படிப்புக்கு அரசுக் கடன் ஆண்டுக்கு 50,000 டாலர், மொத்தம் 2 லட்சம் டாலர் என்பதே உச்சம். பெரிய நகரத்துத் தனியார் பள்ளியில் கட்டணமும் வாடகையும் சேர்ந்தால் இந்த வரம்பைச் சுலபமாகத் தாண்டும். குடியுரிமையோ கிரீன் கார்டோ இல்லாத பிள்ளைகளுக்கு இந்தக் கடனும் பொதுவாகக் கிடைக்காது. அவர்களின் பட்டியலில் மேலே பார்த்த மூன்றாவது வகை, அதாவது இடம் உறுதியாகி ஸ்காலர்ஷிப்பும் எதிர்பார்க்கக்கூடிய பள்ளிகள் அதிகமாக இருக்க வேண்டும்.

பட்டியல் எப்படி இருக்கலாம்

பத்துப் பன்னிரண்டு பள்ளிகள் போதும். யோகப் பள்ளிகள் மூன்று, குறிப் பள்ளிகள் ஐந்தாறு, உறுதிப் பள்ளிகள் இரண்டு மூன்று. உறுதிப் பள்ளி என்று எழுதும் முன், பட்டம் முடித்த பத்து மாதத்தில் அந்தப் பள்ளியின் மாணவர்களில் எத்தனை பேர் முழுநேர வழக்கறிஞர் வேலையில் இருந்தார்கள், வழக்கறிஞர் உரிமத்துக்கான பார் தேர்வில் எத்தனை பேர் தேறினார்கள் என்ற எண்களையும் பாருங்கள். அவையும் வெளியிடப்படுபவைதான். அந்த எண்கள் மோசமாக இருக்கும் பள்ளியில் இடம் உறுதி என்பதால் என்ன பயன்? பட்டியலிலிருந்து எடுத்துவிட்டு அந்த ஆண்டு எல்சாட்டை மறுபடி எழுதுவதே மேல்.

வெயிட்லிஸ்ட் வந்தால் சேர விருப்பம் இருப்பதாக ஒரு கடிதம் எழுதிவிட்டு, கையில் இருக்கும் பள்ளிக்கு முன்பணம் கட்டிவிடுங்கள். வெயிட்லிஸ்ட் கோடைவரை நகரும், சில ஆண்டுகளில் நகரவே நகராது. எதுவும் சரிவரவில்லை என்றால் அடுத்த செப்டம்பரில் மறுபடி விண்ணப்பிக்கலாம். நிராகரித்த பள்ளியே ஏற்றுக்கொண்டதும் உண்டு. ஆனால் அதே மதிப்பெண், அதே கட்டுரையோடு போகாதீர்கள். எல்சாட்டாவது மாறியிருக்க வேண்டும்.